படத்தில் இல்லாத வாய்க்கால்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிராமத்து எல்லையில் புதிய வீட்டுமனைகளுக்கு அனுமதி தரலாமா என்று சென்ற வாரம் நம் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனை போடுகிறவர்கள் பேசியிருந்தார்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பேசியிருந்தார்கள். ஏரித் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கர் கழனி வைத்திருக்கிற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காததால் நானே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடி. ஊருக்குக் கிழக்கே, ஏரியின் இரண்டாவது மதகுக்குக் கீழே ஒன்பது ஏக்கர் நஞ்சை. சம்பாவும் நவரையும் விளைந்த இடம். ஏரியில் தண்ணீர் நின்ற வருடங்களில் சொர்ணவாரியும் போட்டிருக்கிறோம். நாலைந்து வருடம் தரிசாகப் போட்டு வைத்திருந்து, இரண்டு மூன்று கை மாறி, இப்போது அங்கே அலங்கார வளைவும் கலர் கொடிகளும் வெள்ளையடித்த கற்களும் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வேன் வரும். வருகிறவர்களுக்கு மதியம் பிரியாணி. ‘உடனே வீடு கட்டிக் குடியேறலாம்’ என்று பலகை. இது முதல் கட்டம். அதை ஒட்டி இன்னும் ஆறு ஏக்கருக்கு இரண்டாம் கட்டம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். இதை எழுதும் அவசரம் அதனால்தான்.

விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்பதில் ஒன்றரை ஏக்கர் என் பங்காளியுடையது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைந்து, காட்டுப்பன்றிக்கு ராத்திரி காவல் இருந்து, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு மூன்று நாள் படுத்துக் கிடந்தவர். சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022-இல் அரசாணை வந்ததும் எங்கள் பக்கம் நில விலைப் பேச்சே மாறிப்போனது. ஏக்கர் கணக்கு போய் சென்ட் வந்தது, சென்ட் போய் சதுர அடி வந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. எனக்குக் கோபம் அனுமதி கொடுத்த விதத்தின் மேல்தான்.

மதகிலிருந்து வரும் பெரிய வாய்க்கால் அரசுப் புறம்போக்கு. அதற்குச் சர்வே எண் உண்டு, புலப்படத்தில் கோடு உண்டு. அதிலிருந்து பிரிந்து கழனிக்குக் கழனி போகிற கால்வாய்க்கு ஒன்றும் கிடையாது. எங்கள் தாத்தா காலத்தில் ஆளாளுக்குத் தங்கள் பட்டா நிலத்தில் இடம் விட்டு, மூன்று முழ அகலத்துக்கு வெட்டியது. எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்க்கட்டியின் தலைக்குள் இருக்கிற கணக்கு. எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. ஏற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அந்தக் கால்வாயை மூடி மேலே சாலை போட்டுவிட்டு, தண்ணீர் போக ஒரு சிமென்ட் குழாயைப் பதித்திருக்கிறார்கள். நானே போய் அதன் வாயில் கையை வைத்து அளந்தேன். ஒரு சாண், நாலு விரல். போன கார்த்திகையில் ஒரு ராத்திரி அடித்த மழையில் வைக்கோலும் பிளாஸ்டிக் தட்டும் (அந்தப் பிரியாணித் தட்டுகள்தான்) போய் அடைத்துக்கொண்டன. மேலண்டைக் கழனிகளில் ஐந்து நாள் தண்ணீர் வடியாமல் நின்று, கதிர் வரும் நேரத்தில் சம்பாப் பயிர் அழுகியது. கீழண்டையில் இருக்கிற என் நிலத்துக்கோ, மழை விட்டதும் மதகைத் திறந்தும் பாதித் தண்ணீர்கூட வந்து சேரவில்லை.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகவே பேசினார். கணினியில் புலப்படத்தைத் திறந்து காட்டி, “ஐயா, படத்துல வாய்க்காலே இல்லைங்களே” என்றார். இல்லைதான். படத்தில் இல்லாததை நிலத்தில் வந்து பார்க்க வேண்டும் என்று எந்த விதியும் அவரை வற்புறுத்தவில்லை போலும். நஞ்சையை மனையாக்க வேளாண் துறையின் கருத்து, வருவாய்த் துறையின் அறிக்கை என்று கோப்பில் காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கோப்போடு கூட வந்து வரப்பில் நின்றவர்தான் யாருமில்லை.

இருபது வருடத்துக்கு மேல் தடையில்லாமல் தண்ணீர் கொண்டுபோன வழிக்கு 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது என்று வக்கீல் ஒருவர் சொன்னார். அதை நான் நீதிமன்றம் போய் நிரூபிக்க வேண்டும். வழக்கு முடிவதற்குள் அங்கே மாடி வீடுகள் எழும்பிவிடும் என்றேன். “எழும்பாது, கவலைப்படாதீங்க” என்று சிரித்தார்.

அவர் சொன்னதும் சரிதான். பக்கத்து ஊரில் பதினோரு வருடத்துக்கு முன் போட்ட மனைப்பிரிவில் இன்றைக்கு நான்கு வீடுகள் இருக்கின்றன. மிச்சமெல்லாம் வேலிகாத்தான். வாங்கிப் போட்டவர்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு விலை ஏறக் காத்திருக்கிறார்கள். சாலைகளையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு மனை போட்டவர் கிளம்பிவிட்டார். அந்த நான்கு வீட்டுக்காக அத்தனை தெருவுக்கும் விளக்கு எரிய வைக்கிற செலவு ஊராட்சியின் தலையில். தானம் என்று ஏன் பெயர் வைத்தார்களோ!

வீடு தேவைப்படுகிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். காலனியில் ஒரே நத்தம் வீட்டில் மூன்று குடும்பம் முட்டிக்கொண்டு கிடக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள், ஆனால் கட்டுவதற்கு இடம் கையில் இருக்க வேண்டும். அண்ணனுக்கு வந்தது, இடமில்லாத தம்பிகள் இரண்டு பேருக்கு வரவில்லை. அந்தத் தம்பிகள் எங்கள் கிழக்கு மனையில் ஒன்றை வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஊரை ஒட்டிய மேட்டுப் புஞ்சையில் ஒரு ஏக்கரை எடுத்து இவர்களுக்குப் பட்டா கொடுங்கள், முதல் ஆளாக நான் வந்து கல் நடுகிறேன்.

“டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான் ‘அப்ரூவ்டு’ என்ற சொல்லுக்கு இத்தனை மவுசு. 2017-இல் விதிகள் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முந்தியவற்றைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ள விட்டார்கள். தாளில் நேரான மனை தண்ணீர் போகிற வழியில் கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் படகில் ஏறி வெளியே வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆசிரியரே, உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்தக் கட்டுரை வந்த அதே இதழின் பின்னட்டையில், எங்கள் ஊர் பேரோடு, அந்த மனைகளின் வண்ண விளம்பரம். விளம்பரம் போடாதீர்கள் என்று சொல்ல நான் யார்? வாய்க்கால் மூடிய விஷயத்துக்கும் உள்ளே கால் பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் தருமுன் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர் ஐப்பசி மழையில் ஒரு நாள் எங்கள் நீர்க்கட்டியோடு மதகிலிருந்து கடைசிக் கழனி வரை நடக்கட்டும். பட்டாவுக்குள் ஓடுகிற கால்வாய்களை அளந்து படத்தில் ஏற்றட்டும். மனை வரைபடத்தைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். இப்போது இருப்பது முழுக்க ஆங்கிலம்; எங்கள் தலைவரே என் பேத்தியை விட்டுத்தான் படித்தார்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பொருளாக வைக்கச் சொல்லி முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்ட மனுவைப் பத்து நாளைக்கு முன் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
செங்கல்பட்டு மாவட்டம்.