சிங்கம் தமிழ் பேசினால் என்ன குறைந்துவிடும்?

'முஃபாசா: தி லயன் கிங்' படத்தைப் பிள்ளைகளுக்குத் தமிழில் காட்டலாமா என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. "மொழி கெட்டுப்போகும்" என்றார் ஒருவர். "ஆங்கிலத்திலேயே பார்க்கட்டும், ஆங்கிலமாவது வளரும்" என்றார் மற்றொருவர். இரண்டையும் நான் மறுக்கிறேன்.

2019-இல் வந்த படத்தின் தொடர்ச்சியாக, சிம்பாவின் தந்தை முஃபாசாவின் இளமைக் கதையைச் சொல்லும் இப்படம் 2024 டிசம்பரில் வெளிவந்தது. தமிழில் முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸ், டாக்காவுக்கு அசோக் செல்வன், வெண்சிங்கம் கீரோசுக்கு நாசர் ஆகியோர் குரல் கொடுத்தனர். காட்டுப்பன்றி பும்பாவுக்கு, 2019-இல் போலவே, ரோபோ சங்கர் (2025-இல் மறைந்துவிட்டார், பிள்ளைகளுக்கு அவர் பும்பாதான்).

பும்பா சென்னைத் தெருத்தமிழ் பேசுகிறதாம், அதுதான் குற்றமாம். சிங்கக் குருளை, யானைக் கன்று என்று மரபுச் சொற்களை நாம் கற்பிக்கிறோம். தொல்காப்பிய மரபியல் கூறும் இளமைப் பெயர்கள் ஒன்பது. தேர்வு முடிந்த மறுநாள் அவற்றுள் எத்தனை நம் மாணவர் நாவில் எஞ்சுகின்றன? மலாய் நண்பனோடு மலாய், கைப்பேசியோடு ஆங்கிலம், சந்தைக்குப் போனால் காதில் ஹொக்கியன். இப்படி வாழும் பினாங்குப் பிள்ளை தமிழில் ஒரு நகைச்சுவையைக் கேட்டு உடனே சிரித்தால், அவனுக்குத் தமிழ் புரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்பை எந்த வினாத்தாளும் அளந்ததில்லை.

ஆங்கிலம் வளரும் என்போருக்கு: ஆங்கிலம் எங்கும் கிடைக்கிறது, பெற்றோர்களே. வீரம், துரோகம், வெள்ளம், ஓட்டம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நிகழும். தமிழ் கொன்றை வேந்தன் ஒப்பிக்க மட்டுமே என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறான். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய மண் இது. அந்த முடிவுக்கு நாமே துணைபோவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆயினும் இது இரவல் சிங்கம்தான். மலாய்ப் பிள்ளைகளுக்குச் சங் கஞ்சில் இருக்கிறது. லெஸ் கோப்பாக் நிறுவனம் 2011 முதல் 'பாட ஸமான் டாஹுலு' தொடரில் விலங்குகளைப் பேசவைத்தது. பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்த நாம் என்ன செய்தோம்? தேவர் பிலிம்ஸின் 'நல்ல நேரம்' (1972) படத்தில் யானைகள் ஆடின, உழைத்தன, நாயகனைக் காத்தன. வாய் திறந்து தம் கதையைச் சொல்லவில்லை. அதன்பின் வந்த குரங்கும் நாயும் பாம்பும் பெரும்பாலும் நாயகனுக்கு ஏவலாளிகளே.

பள்ளியிலோ விலங்கு பேசினால் இறுதியில் ஒரு நன்னெறி சொல்லியே ஆகவேண்டும். தன்கதைக் கட்டுரையில் 'நான் ஒரு யானை' காட்டில் பிறக்கும், பிடிபடும், விலங்கியல் பூங்காவில் கண்ணீர் விடும். முப்பது பிள்ளைகள், ஒரே யானை! மனனம் செய்த யானைக்கு என்ன கற்பனை வேண்டும்?

இம்முறை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் தரவிருக்கும் தலைப்பு 'நான் டாக்கா'. வெள்ளத்தில் வந்த முஃபாசாவைக் காப்பாற்றி அண்ணன் தம்பியாய் வளர்ந்தவன், பின்னர் ஏன் பகைவனிடம் காட்டிக்கொடுத்தான் என்பதை அவன் வாயாலேயே தமிழில் எழுதவேண்டும். கடைகளில் விற்கும் பயிற்சி நூல்களில் இதற்கு மாதிரிக் கட்டுரை கிடைக்காது.