மனவலிமை கேட்காத நடை

ஊழியர்களின் அன்றாடக் காலடிகளை எண்ணி, பத்தாயிரத்தை எட்டாதவர்களின் பெயரைப் பட்டியலின் அடியில் இடும் அலுவலகப் போட்டிகள் பெருகிவருவது இவ்வாரத்தின் எரிச்சல். அந்தப் பத்தாயிரம் மருத்துவமனையில் பிறந்த எண்ணன்று. 1965இல் ஜப்பானிய நிறுவனமொன்று காலடி எண்ணும் கருவியை விற்பதற்காகப் பரப்பியது. முதிய அமெரிக்கப் பெண்களைப் பற்றி ஐ-மின் லீ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சுமார் 4,400 அடி நடந்தோரிடமே இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை.

உள்ளார்ந்த விருப்பத்தால் எழுவதைத் தன்னியல்பு ஊக்கம் என்றும், குற்றவுணர்வாலோ பிறர் கண்காணிப்பாலோ எழுவதைக் கட்டுப்பாட்டு ஊக்கம் என்றும் டெசி, ரையன் ஆகிய உளவியலாளர்கள் பிரித்தனர். பட்டியல் வளர்ப்பது இரண்டாவதை. மன அழுத்தத்திற்கு நடை நல்லது என்பது உண்மையே. ஆனால் அழுத்தம் மிகும்போது உடலியக்கம் குறைகிறது என்றே, 2014இல் ஸ்டல்ட்ஸ்-கொலேமைனென், ரஜிதா சின்ஹா இருவரும் தொகுத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை காட்டின. பதற்றம் உடையோருக்கோ, வேகநடையில் துடிக்கும் நெஞ்சு அச்சத்தில் துடிக்கும் நெஞ்சை நினைவூட்டுவதால், பயிற்சியே மிரட்டலாகிவிடுவதுண்டு. மருந்து யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்கே அதை எடுக்கும் தெம்பு இல்லை.

இவ்விடத்தில் போட்டிகளை விட்டுவிட்டு லண்டன் பேருந்துக்குள் ஏறுவது தகும். மாடிப்பேருந்துகளில் நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு, அமர்ந்தே பணியாற்றிய ஓட்டுநர்களைவிட இதயத் தமனி நோய் குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் குழுவினர் 1953இல் லான்செட் இதழில் எழுதினர். ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு தொடக்கத்திலேயே பெரிது என்பதை 1956இல் அவர்களே எடுத்துக்காட்டித் தம் முடிவுக்கு எல்லை வகுத்தது, இப்பத்தி என்றும் வியக்கும் நேர்மை. எனினும் ஒன்று மறுக்க முடியாதது: அந்த நடத்துநர்களுக்கு எவரும் ஊக்கமூட்டவில்லை, பயணச்சீட்டு கொடுக்க ஏறினார்கள், அவ்வளவே.

ஆகவே, வாசகர்களுக்குப் பழகிப்போன, சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலை பற்றிய புலம்பல் இங்கும் வந்தே தீரும். பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கி அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு நடக்கும் தொழிலாளி, மோரிஸின் நடத்துநரைப் போலவே, மனவலிமையைச் செலவிடாமல் இருவேளையும் நடக்கிறார். ஆனால் வண்டிகள் உரச, காதைக் கிழிக்கும் ஒலிப்பானுக்கு ஒதுங்கி நடக்கும் நடை அழுத்தத்தைக் கரைக்குமா, கூட்டுமா? ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை உண்டு. ஆயின் அதற்கென நேரம் ஒதுக்கிச் செல்பவருக்கே அது உதவும், இரவுப்பணி முடித்து வருபவருக்கு அன்று. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை நிலையத்தையும் நிறுத்தத்தையும் பணியிடத்தோடு இணைக்கும், கடைகளும் வண்டிகளும் அடைக்காத நடைபாதையே இப்பகுதி மக்களுக்கான உண்மையான உடற்பயிற்சித் திட்டம். அது போடப்படும்வரை இப்பத்தி இதையே எழுதிச் சலிப்பூட்டும்.