புது ஆற்றில் பழைய குப்பை!

மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு என்றால் தஞ்சைச் சீமைக்கே கல்யாணக் களைதான். மூணு நாலு நாளில் கல்லணை. மதகைத் தூக்கி, பூவும் நெல்லும் தூவி, கைகூப்பி வரவேற்கிறோம்.

அந்தப் பூவோடு சேர்ந்து போவது என்ன?

தஞ்சை ஆற்றுப்பாலத்தில் ஒரு நிமிஷம் நின்று எட்டிப் பாருங்கள். கல்லணைக் கால்வாய்க்கு நாம் வைத்த பெயர் புது ஆறு. மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டியது. இரண்டேகால் லட்சம் ஏக்கருக்கு இதுதான் தாய்ப்பால். கோடையில் வறண்டு கிடக்கும்போது பாலிதீன் பை, பாட்டில், எச்சில் இலை, கோழிக்கடைக் கழிவு எல்லாம் அதற்குள்தான்! ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. பைக்கு அது தெரியுமா என்ன?

வருகிற முதல் தண்ணீர் இத்தனையையும் வாரிக்கொண்டு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் ஓடும். டவுன்காரர் போட்டதைக் கடைமடை விவசாயி மதகில் நின்று கழியால் தள்ளிக் கொண்டிருப்பார். குறுவைக்கு நாத்து விடுவாரா, குப்பை அள்ளுவாரா?

கண்ணுக்குத் தெரிகிற குப்பையையாவது அள்ளிவிடலாம். சாக்கடையை என்ன செய்வது? மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரை காவிரியை, மாசுபட்ட நதிப் பகுதி என்று மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியமே 2018-ல் பட்டியல் போட்டது.

நம் மாநிலத்துக்கும் 1982 முதல் தனி வாரியம் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சோதிப்பதும், கழிவு விடும் ஆலைக்கு நோட்டீஸ் கொடுப்பதும் அதன் வேலை. வேலை நடக்கவில்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் நொய்யலில் என்ன நடந்தது? திருப்பூர் சாயத் தண்ணீரால் நிலம் பாழான விவசாயிகள் 1996-ல் கோர்ட்டுப் படி ஏறினார்கள். ஆலைகளை மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டது 2011 ஜனவரியில். பதினைந்து வருஷம்! அந்த நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில்தான் வந்து விழுகிறது. அதற்குக் கீழே இருப்பது நாம்.

1974-ம் வருஷத்து நீர் மாசு தடுப்புச் சட்டம் சாயப்பட்டறைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று என்று எழுதப்படவில்லை. ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடவும் அனுமதி வேண்டும். ஆலைக்குப் போகிற நோட்டீஸ் அதே வேகத்தில் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் போகட்டும். சர்க்காரும் சர்க்காரும் சம்பந்தி முறை கொண்டாடினால் ஆறு என்னாவது?

இன்னொன்று. சோதனை முடிவெல்லாம் ஃபைலில் பி.ஓ.டி., கோலிஃபார்ம் என்று கிடக்கிறது. குளிக்கிற தண்ணீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கோலிஃபார்ம் ஏறினால் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். துறையில் துணி துவைக்கிற அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

கல்லணையிலும், திருவையாறு படித்துறையிலும் ஒரு கரும்பலகை வையுங்கள். குளிக்கலாமா, கூடாதா என்று மாதாமாதம் தமிழில் எழுதுங்கள். ஜூன் 12-க்கு முன்னால், டவுனுக்குள் ஓடும் புது ஆற்றை மாநகராட்சியும் நீர்வளத் துறையும் சேர்ந்து ஒரு தடவை அள்ளிச் சுத்தம் செய்யட்டும். வாரிய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.