படத்தில் தெரியாவிட்டால் நோய் இல்லையா?

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

எங்கள் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டது. அறுவை செய்து சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து இரத்தச் சோதனையில் பி.எஸ்.ஏ. அளவு மெல்ல ஏறியது. சி.டி. படமும் எலும்புப் படமும் எடுத்தார்கள். "ஒன்றும் தெரியவில்லை" என்று அறிக்கை வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அறிக்கையைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் என்னுடையதாயிற்று. 'தெரியவில்லை' என்பதை 'இல்லை' என்று சொல்லிவிட்டேன். வீடே மகிழ்ந்தது. அந்தப் பிழையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். சுரப்பியை முழுதும் எடுத்தபின் அது இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமற்போக வேண்டும். பிறகு மில்லி லிட்டருக்கு 0.2 நானோகிராம் அளவை இருமுறை எட்டினால், நோய் திரும்புகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். எங்கே எஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அவ்வளவு சிறியதைச் சி.டி. படம் பெரும்பாலும் காட்டாது.

இங்கே நம் பாடப்புத்தகம் துணைக்கு வருகிறது. 1932இல் ஆண்டர்சன் கண்டறிந்த பாசிட்ரானை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அதை உமிழும் கேலியம்-68ஐ, புற்றுச் செல்லின் மேற்பரப்பிலுள்ள பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுடன் இணைத்து ஊசியில் செலுத்துகிறார்கள். பாசிட்ரானும் எலக்ட்ரானும் சேர்ந்து அழியும்போது, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. அவற்றைப் பிடித்து இடத்தைக் கணிக்கிறது 'பெட்' கருவி. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

இதற்கும் எல்லை உண்டு. சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய 635 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பி.எஸ்.ஏ. 5க்கு மேற்பட்டோரில் 97 விழுக்காட்டினருக்கு நோயின் இடம் தெரிந்தது. 0.5க்குக் குறைந்தோரில் 38 விழுக்காட்டினருக்கே தெரிந்தது. ஆனால் கதிர் சிகிச்சை நன்கு பலிப்பதோ பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போதுதான். படம் தெளியட்டும் என்று காத்திருப்பவர் காலத்தை இழக்கிறார்.

"நோயாளியிடம் இதையெல்லாம் சொன்னால் பயந்துவிடுவார்" என்பார் சிலர். அறியாமல் மகிழ்ந்திருந்த எங்கள் வீட்டைக் கண்ட நான் இதை ஏற்கமாட்டேன். நல்லவேளையாக, மருத்துவர் இரத்தச் சோதனை எண்களைக் காட்டி விளக்கி, கதிர் சிகிச்சையைத் தொடங்கினார்.

படத்தில் ஒன்றும் தெரியாதபோது, "பி.எஸ்.ஏ.யைத் தொடர்ந்து பாருங்கள், மருத்துவரைக் கேளுங்கள்" என்று ஒவ்வோர் அறிக்கையிலும் தமிழில் ஒரு வரி வேண்டும் என்பதே என் கருத்து. தோழர்களே, நம் வீடுகளில் அறிக்கையைப் படிப்பவர்கள் நாம்தான். சரியாகப் படித்துச் சொல்லக் கற்போம்.