நிறவெறியைப் பெற்ற தாய்

கறுப்பரை இழிந்தோர் என வெறுத்தமையாலேயே வெள்ளையர் அவர்களை அடிமைப்படுத்தினர் என்பது பலர்தம் எண்ணம். அதனைத் தலைகீழாகப் புரட்டியவர் எரிக் வில்லியம்சு. திரினிடாடில் பிறந்து, ஆக்சுபோர்டில் வரலாறு பயின்று, பின்னர்த் தம் நாட்டின் முதல் தலைமையமைச்சரான அவர், 1944-இல் 'முதலாளியமும் அடிமைமுறையும்' என்னும் நூலை வெளியிட்டார். நிறவெறி அடிமைமுறையைப் பெறவில்லை. அடிமைமுறையே நிறவெறியைப் பெற்றது என்பது அவர் முடிபு. ஆப்பிரிக்கர்க்கு முன்பே வறிய வெள்ளையரும் ஒப்பந்தக் கட்டில் அத்தீவுகளில் உழைத்தனர். அவர்களினும் மலிவாகக் கிடைத்தமையாலேயே ஆப்பிரிக்கர் கொணரப்பட்டனர். முதலில் கொள்ளை, பின்னரே கொள்ளைக்கேற்ற கோட்பாடு!

அக்கொள்ளையில் கொலையும் ஒரு கணக்கே. 1781-இல் 'சோங்கு' என்னும் அடிமைக் கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். கப்பலுடையார் தலைக்கு 30 பவுண்டு காப்பீட்டுத் தொகை கேட்டு வழக்காடினர். அது கொலை வழக்காக நடைபெறவே இல்லை. சரக்கிழப்பு வழக்காகவே நடைபெற்றது!

1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றிய ஆங்கில அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. யாருக்கு? அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார்க்கு! முதுகில் தழும்பேறியவர்க்கு ஒரு காசும் இல்லை. அதற்கென வாங்கிய கடன் 2015-இல்தான் முற்றிலும் அடைந்தது. அதுவரை அங்கு வரி செலுத்தியோருள் அவ்வடிமைகளின் வழித்தோன்றல்களும் இருந்தனர் என்பது கொடுமையினும் கொடுமை.

வில்லியம்சின் முடிபுகளுள் சிலவற்றை மறுக்கும் வரலாற்றாசிரியர் உளர். ஆயினும் அவர் எழுப்பிய வினாவை எவரும் ஒதுக்கிவிட இயலவில்லை.

தமிழர்க்கும் இவ்வரலாறு அயலன்று. அடிமைமுறை ஒழிந்த பின்னும் கரும்பு முதலாளியின் பசி ஒழியவில்லை. மொரிசியசிற்கும் பிற தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் ஏற்றப்பட்டனர். 1860-இல் நேட்டாலை அடைந்த முதற் கூலிக் கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. அங்குச் சென்றோரின் பெயரும் ஊரும் குலமும் எண்ணிட்டுப் பதியப்பட்டன. அவ்வேடுகள் இன்றும் உள்ளன. அவற்றைப் படித்துத் தம் முன்னோர் வரலாற்றைத் தம் மொழியில் எழுத வேண்டியவர் தமிழரே. வில்லியம்சு தம் மக்களுக்குச் செய்த தொண்டு அதுவே.

ஓர் இனத்தையோ குலத்தையோ இழிந்ததென ஒருவன் கூறுங்கால், அம்மக்களின் உழைப்பை உண்பவன் யாவன் என்று வினவுக! இழிவின் வேர் அங்கேதான் உள்ளது.