'ஹுபுங்கான்' என்ற கட்டத்தில்

ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் தாமானின் மூலை வீட்டில் இரண்டு அம்மாக்கள் 22 ஆண்டுகள் ஒன்றாகக் குடியிருந்தார்கள். அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் பெரியக்கா, சின்னக்கா. என்ன உறவு என்று யாரும் கேட்டதில்லை. புரிந்தவர்களும் வாய் திறந்ததில்லை. பெரியக்காவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில் மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். பாரத்தில் 'ஹுபுங்கான்', அதாவது உறவு, என்ற கட்டத்துக்கு வந்ததும் சின்னக்காவின் பேனா நின்றது. பிறகு மெதுவாக 'கவான்', அதாவது தோழி, என்று எழுதினார். "சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார்கள். பத்தாண்டாக எட்டிப் பார்க்காத தம்பி ஈப்போவிலிருந்து வந்து சேரும்வரை சின்னக்காவுக்கு எந்த விவரமும் சொல்லப்படவில்லை.

ஒரே வாரத்தில் பெரியக்கா போய்விட்டார். வீடு அவர் பேரில் இருந்தது. உயில் எழுதவில்லை. மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டம் கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று வரிசைப்படுத்துகிறது. கவானுக்கு அதில் இடமில்லை.

ஒரே பாலினத் திருமணம் என்ற பேச்சை எடுத்தாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமும் ஆணும் பெண்ணுமாக இல்லாத மணம் செல்லாது என்கிறது. அது விரைவில் மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாற வேண்டும் என்பது என் விருப்பம். வேறு கருத்துடையவர்களோடும் உட்கார்ந்து பேச முடியும் என்று நம்புகிறேன். பேசத் தொடங்கும் இடம் நமக்குப் பழக்கமானதுதான்.

அந்தத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த பிறகும் தோட்டங்களில் எத்தனையோ கல்யாணங்கள் மாரியம்மன் சன்னதியில் தாலி கட்டியதோடு முடிந்தன. ரெஜிஸ்டர் பண்ணவில்லை. புருஷன் செத்த பிறகு இபிஎஃப் பணத்துக்கும் சொக்சோ பென்ஷனுக்கும், தான்தான் மனைவி என்று நிரூபிக்க இலாகா இலாகாவாக ஏறி இறங்கியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். பெற்றோர் பதிவு செய்யாத காரணத்தால் குடியுரிமைக்கே அல்லாடிய பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான். சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை காகிதத்தில் ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்ட சமூகம் நாம். அந்த வலி சின்னக்காவுக்கு வரும்போது மட்டும் நமக்கு எப்படி அந்நியமாகிறது?

திருமணத்துக்கு முன்னால் இன்னொன்று நிற்கிறது. வெள்ளைக்காரன் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, எண்கூட மாறாமல் இங்கேயும் வந்தது. இன்றும் 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் அந்த உறவு குற்றமாகாது என்றது. 2023இல் திருமண உரிமையை மட்டும் நாடாளுமன்றத்திடம் விட்டது. சிங்கப்பூரும் 2022 நவம்பரில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய பிரிவை நீக்கியது, அதே கையோடு திருமணத்தின் இலக்கணத்துக்கு அரசியலமைப்பில் காப்பும் போட்டது. எனக்கு அதில் முழு நிறைவில்லை. ஆனாலும் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார முடியும் என்று நம் பக்கத்து வீடே காட்டியிருக்கிறது. பள்ளி விடுமுறைக்கு நாம் ஹட்யாய் போகிற தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத் திருமணமே சட்டபூர்வம்.

என் மனத்தில் நிற்பது சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, முதலில் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். 2021 ஜூனில் வந்த தீர்ப்பு, 'குணப்படுத்துகிறேன்' என்று செய்யும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொன்னது. ஒரு நீதிபதிக்குக் கைகூடிய அந்தப் பணிவு நம் கோயில் நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் கைகூடாதா?

நம் நாடாளுமன்றம் செய்ய வேண்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு கல்யாணத்தைக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று மகனை மணவறையில் உட்கார வைக்கும் பெற்றோர், ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் பாழாக்குகிறார்கள். இதை நிறுத்த எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. நம் வழக்கறிஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, யாரென்று கேட்காமல் உயில் எழுதிக் கொடுக்கலாம். இரண்டு சாட்சிகள் போதும். சொத்தைப் பெறுகிறவரோ அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெரியக்காவின் 16ஆம் நாள் காரியத்துக்குச் சின்னக்காவை யாரும் கூப்பிடவில்லை. கேட் அருகே நின்றுகொண்டிருந்தார். கோயில் கமிட்டியில் இருக்கும் எங்கள் தாமான் பெரியவர் ஒருவர் எழுந்து போய், "உள்ள வாம்மா" என்று அழைத்துவந்து, படத்துக்கு நேர் எதிரே பாயில் உட்கார வைத்தார். தம்பி சற்று நகர்ந்து இடம் விட்டார்.