தொடுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும்

அரங்கேற்றம் முடிந்ததும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பலருக்கு ஒரு புது வேலை கிடைக்கும். சனிக்கிழமை டான்ஸ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுக்கும் 'அக்கா' வேலை. வயது பதினாறு, பதினேழு இருக்கும். ரீச்சர் தட்டுக்கழியோடு முன்னுக்கு இருந்து தாளம் போடுவார். அக்காமார் வரிசைக்குள் நடந்து, தொங்கும் முழங்கையைத் தூக்கிவிடுவார்கள், அரைமண்டியைத் திருத்துவார்கள்.

இந்த அக்காமாருக்கு அடவு நன்றாகத் தெரியும். ஆனால் இன்னொரு பிள்ளையின் உடம்பில் எப்படிக் கை வைப்பது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத் தனியாகப் படிப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

"இதில் படிக்க என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். அரைமண்டியையே எடுப்போம். முழங்கால்கள் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து நடக்க வேண்டும். தொடை எலும்பு எவ்வளவு திரும்பும் என்பது அது பொருந்தியிருக்கும் குழியின் வடிவத்தையும் பொறுத்தது. அது ஆளுக்கு ஆள் வேறு. இடுப்பு அவ்வளவு திரும்பாத பிள்ளையின் பாதங்களை மட்டும் திருப்பிவிட்டு, தோளைப் பிடித்து அமுக்கினால், முறுக்கு முழங்காலுக்குப் போகும். முழங்கால் முக்கியமாக மடங்கி நீளும் மூட்டு. அன்றைக்குப் பார்க்க அரைமண்டி வடிவாக இருக்கும். வலி பிறகு வரும்.

கையால் படிப்பிப்பதை ஒரு தனிக் கலையாகவே பயில்பவர்கள் இருக்கிறார்கள். 1869இல் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர், மேடையில் ஷேக்ஸ்பியர் வசனங்களைப் பேசிக் காட்டுபவர். அவருக்கு அடிக்கடி குரல் கம்மிப்போனது. கண்ணாடி முன் நின்று தன்னைக் கவனித்தபோது, பேசத் தொடங்கும்போதே தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை இறுக்குவதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அலெக்சாண்டர் டெக்னிக். 1931இல் அவர் லண்டனில் ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். இன்று அந்த முறையின் முக்கிய சங்கங்கள் கேட்பது மூன்று வருடம், 1,600 மணிநேரப் பயிற்சி.

அந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. மற்றவரில் கை வைக்க முன்னர், ஆசிரியர் தன் கழுத்தையும் தோளையும் தளர்த்திக்கொள்ளப் பழக வேண்டும். இறுகிய கை தொட்டால், தொடப்பட்டவரும் இறுகிவிடுவார்.

டான்ஸ் அக்காமாருக்கு 1,600 மணிநேரம் வேண்டாம். மூன்று பழக்கங்கள் போதும். முதலில், "தொட்டுக் காட்டட்டா?" என்று கேளுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால் உங்கள் உடம்பிலேயே செய்து காட்டுங்கள், அல்லது அவளுடைய கையையே அவளுடைய இடுப்பில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, தள்ளாதீர்கள், அமுக்காதீர்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விரல் நுனியால் காட்டினால் போதும். மூன்றாவது, கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். நீங்கள் பிடித்திருக்கும்போது மட்டும் சரியாக நின்றால், பிள்ளை இன்னும் படிக்கவில்லை.

"எங்கட காலத்தில ரீச்சர் தட்டுக்கழியால தட்டித்தான் திருத்தினவ, நாங்கள் ஆடேல்லையா?" என்று சில அம்மாமார் சொல்வார்கள். ஆடினார்கள்தான். முழங்கால் வலியோடு இடையில் விட்டுப்போனவர்களை யாரும் எண்ணவில்லை.

இன்னொரு பக்கம், "பிரச்சினையே வேண்டாம், யாரும் யாரையும் தொடக் கூடாது" என்பவர்களும் உண்டு. அவர்களுடைய பயம் காரணமில்லாதது அல்ல. 2023இல் சென்னை கலாக்ஷேத்ராவில் மாணவிகள் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராகப் போராட வேண்டி வந்தது. ஆனாலும் முதுகு வளைகிறது என்று பத்துத் தரம் சொல்லியும் விளங்காத பிள்ளைக்கு, முதுகில் ஒரு விரல் பட்டவுடன் விளங்கிவிடும். அந்த வழியை மூடிவிடுவதைவிட, கேட்டுத் தொடப் பழகுவதும், வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவதும் நல்லது. குருவிடம் அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை என்பதை ரீச்சர்மாரே முதல் வகுப்பில் சொல்ல வேண்டும்.

செப்டெம்பரில் புது வகுப்புகள் தொடங்க முன்னர், ஒவ்வொரு நடனப் பள்ளியும் தன் அக்காமாருக்கு ஒரு பின்னேரத்தை இதற்காக ஒதுக்கலாம். நீங்கள் அந்த அக்காமாரில் ஒருவர் என்றால், உங்கள் ரீச்சரிடம் இப்போதே கேளுங்கள்.